ஊதா மூடியிலிருந்து சிவப்பு மூடிக்கு

காலை ஆறேகால் மணிக்கு அண்ணன் சாப்பாட்டு மேசைமேல் கையை நீட்டி வைத்துவிட்டு முகத்தை எதிர்ச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் காலண்டரில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். மலைப்பாதையில் எதிரே லாரி வந்தாலும் அசராதவர். ஊசியைக் கண்டால் மட்டும் ஆள் பாதியாகிவிடுவார்.

“குத்திட்டியா?”

“இன்னும் பஞ்சே வைக்கலண்ணே.”

“சொல்லிட்டுக் குத்து பாப்பா.”

“சொன்னா கையை இழுத்துக்குவீங்க. பேசாம இருங்க.”

பாப்பாவுக்கு ஐம்பது வயது முடிந்துவிட்டது. அண்ணன் வாயில் அந்தப் பெயர் இன்னும் மாறவில்லை. வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்குக் கொசு அக்கா என்று பெயர். கொசு கடித்த அளவுக்குத்தான் வலிக்கும் என்று எப்போதோ ஒரு பெரியவர் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக இதுதான் தொழில். கையைப் பார்த்தால் போதும், ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று விரல் நுனி சொல்லிவிடும். ஜனங்கள் அதை நரம்பு என்பார்கள். நரம்பு வேறே, இது வேறே என்று முதல் ரெண்டு வருஷம் திருத்திப் பார்த்தாள். பிறகு அவளும் நரம்பு என்றே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அண்ணனுக்கு மறுநாள் ஆபரேஷன். குடலிறக்கம். வயிற்றின் முன்பக்கத்தில் சதை ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் ஓரிடம் பலவீனப்பட்டால் உள்ளே இருக்கும் குடல் அந்த வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். அண்ணனுக்கு அது மூன்று வருஷமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இருமினால் வரும், படுத்தால் உள்ளே போகும். “அதுபாட்டுக்கு வருது, அதுபாட்டுக்குப் போகுது, உனக்கு என்ன?” என்று டாக்டரிடமே கேட்டவர் அவர். என்றைக்காவது வெளியே வந்த குடல் அந்த ஓட்டையிலேயே இறுகிக்கொண்டால் அதற்கு ரத்தம் போகாது, சில மணி நேரத்தில் அழுகிவிடும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் அக்குவேறு ஆணிவேறாக எடுத்துச் சொன்னார். இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் அண்ணன் கம்பி நீட்டிவிட்டார். அண்ணி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் பாப்பாதான் மூன்று மாதம் விடாமல் அரித்துச் சம்மதிக்க வைத்தாள். அதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

“ரத்தம் எடுக்கறதுலேருந்து எல்லாம் நீதான் பாத்துக்கணும். தெரியாதவன் எவனும் என்மேல கை வைக்கக் கூடாது.”

“வயித்தை நான் கிழிக்க முடியாதுண்ணே.”

“அது சரி. மத்ததெல்லாம் நீ.”

ஆகவே அன்று காலை அவளே வந்தாள். ஐந்து மணிக்கு எழுந்து வந்தாள். முந்தின நாள் இரவு லேபை மூடிவிட்டுப் போனதும் அவள்தான். கூட வேலை பார்க்கும் பெண் பிரசவத்துக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. அன்றிலிருந்து காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலையும் மாலையில் கவுன்ட்டர் வேலையும் இவள் தலையில். உடம்பு ஓர் அற்புதமான இயந்திரம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பதினொரு நாள் இப்படி நின்று பார்க்க வேண்டும். மனிதன் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் களைப்பு என்ற சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வரும். தூங்கினால்தான் அது காலியாகும். டீ குடித்தால் காலியாகாது. களைப்பு வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் டீ போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். டீ எழுந்து போனதும் வாசலில் காத்திருந்த களைப்பு மொத்தமாக உள்ளே வரும். இதெல்லாம் அவளுக்குப் பாடமாகவே தெரியும். தெரிந்து என்ன, அன்று அவள் குடித்திருந்தது மூன்று டீ.

ரப்பர் பட்டையைக் கட்டினாள், குத்தினாள். அண்ணன் காலண்டரைப் பார்த்தபடி “ம்” என்றார். ரத்தம் வந்தது. மூன்று மில்லி வந்ததும் நின்றுவிட்டது. பயத்தில் ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்ளும், இவர் மாதிரி ஆட்களுக்கு இது வழக்கம்தான். ஊசியை லேசாகத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் முகம் வெளுத்து நெற்றியில் வேர்வை பூத்தது. போதும் என்று உருவிவிட்டாள்.

வழக்கமாக முதலில் சிவப்பு மூடி ட்யூபில் ஊற்ற வேண்டும், பிறகு ஊதா மூடி. அன்று கைக்கு முதலில் வந்தது ஊதா. கோடு வரைக்கும் நிரப்பி, ஒரு சொட்டு அதிகமாகவே ஊற்றிவிட்டாள். சிவப்பு மூடிக்கு மிஞ்சியது அடியை நனைக்கிற அளவுதான். அதில் ஐந்து பரிசோதனை செய்ய வேண்டும்.

இன்னொரு கையில் குத்தலாம். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். இன்னொரு தடவை என்று சொன்னால் நாளைய ஆபரேஷனுக்கும் சேர்த்து முழுக்குப் போட்டுவிடுவார். அடுத்து ஏழு வீடு காத்திருக்கிறது. எல்லாம் ஒரே ஆளின் ரத்தம்தானே என்று கை நினைத்தது. அவள் நினைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை, கைதான் நினைத்தது. ஊதா மூடியைத் திறந்து அதிலிருந்து கொஞ்சத்தைச் சிவப்பு மூடி ட்யூபில் சாய்த்து, இரண்டையும் மூடிப் பெயர் எழுதினாள்.

லேபில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள், முதல் பாடமாக அவள் சொல்வது இதைத்தான். எது வேண்டுமானாலும் செய், ஒரு ட்யூபிலிருந்து இன்னொரு ட்யூபில் மட்டும் ஊற்றாதே. பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட ஊற்றியதில்லை. படி இறங்குவதற்குள் அது அவளுக்கு மறந்தும் போய்விட்டது.

எட்டரைக்குப் பெட்டியை லேபில் கொடுத்துவிட்டு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினாள். பத்தரை மணிக்கு லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அண்ணி போன் செய்தாள்.

“பாப்பா, ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. டாக்ஸியில போய்ட்டிருக்கோம்.”

“எதுக்கு அண்ணி?”

“என்னமோ பொட்டாசியமாம். எட்டரை இருக்காம். நடக்கக்கூட விடாதீங்கங்கறாங்க. அப்படின்னா என்ன பாப்பா?”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

 பயம் வந்ததும் உடம்பு வயிற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, ஓடு என்று கால்களுக்கு அனுப்புகிறது. அவளுக்கு ஓட இடம் இல்லை. உடம்பிலிருக்கும் பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு செல்களுக்கு உள்ளேதான் இருக்கும். வெளியே ரத்தத்தில் இருப்பது மீதி இரண்டு பங்கு. உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இதயம் துடிக்கிறது. ரத்தத்தில் நாலு, நாலரை இருக்க வேண்டியது எட்டரை என்றால், இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். நேற்று வரை நன்றாக இருந்த மனுஷன், டாக்ஸியில் போகும்போதே தலை சாய்ந்துவிடலாம். அண்ணன் இல்லாத ஒரு வீடு அவள் கண்முன் வந்து நின்றது. 

“அண்ணே எப்படி இருக்காரு?”

“நல்லாத்தான் இருக்காரு. டாக்ஸிக்காரரு ஓட்டறது சரியில்லன்னு திட்டிட்டு வராரு.”

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ இடறியது. எட்டரை பொட்டாசியம் உள்ளவன் கையைக் காலை அசைக்கவே சிரமப்படுவான், டாக்ஸிக்காரரைத் திட்ட மாட்டான். போனை வைத்துவிட்டு லேபில் மெஷின் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் முப்பது வயதுக்காரி, கெட்டிக்காரி, எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள்.

“எங்க அண்ணன் ரிப்போர்ட்ல கால்சியம் எவ்வளவு?”

“அஞ்சுக்கா. ரொம்பக் கம்மி. மெஷின்ல ரெண்டு தடவை ஓட்டிட்டேன். ஆபத்தான அளவுன்னா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்ல, அதான் சொல்லிட்டேன்.”

“பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கியிருக்கு. உனக்கு ஒண்ணும் தோணலையா?”



“தோணுச்சுக்கா. வேற யாரு எடுத்திருந்தாலும் ஊதா மூடி ரத்தம் கலந்திருக்குமோன்னு கேட்டிருப்பேன். எடுத்தது நீங்கன்னு போட்டிருந்துச்சு. அதனால கேக்கல.”

ஊதா மூடி ட்யூபின் அடியில் ஒரு மருந்து தடவியிருப்பார்கள். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அந்த மருந்து கால்சியத்தைப் பிடித்து மடக்கி வைத்துக்கொள்ளும், அதனால் ரத்தம் உறையாமல் இருக்கும். அந்த மருந்தே ஒரு பொட்டாசிய உப்பு. அதில் கொஞ்சம் சிவப்பு மூடி ட்யூபில் கலந்தால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் காணாமல் போகும். அண்ணன் உடம்பில் ஒன்றுமே இல்லை. எல்லாம் ட்யூபில்தான். சாய்த்த கை இப்போது முழுசாக ஞாபகம் வந்தது.

ஒரு மூச்சு நிம்மதியாக விட்டாள். அடுத்த மூச்சில் அது போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சும்மா இருப்பார்களா? பொட்டாசியத்தை இறக்க இன்சுலின் போடுவார்கள். இன்சுலின் அதைச் செல்லுக்குள் தள்ளிவிடும். இருக்கிறதே நாலு, அதையும் இறக்கினால் இல்லாத நோய்க்குப் பார்த்த வைத்தியத்தால் இருக்கிற இதயம் தாறுமாறாகத் துடிக்கும்.

ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். வரவேற்பில் ஒருத்தி, அவசரப் பிரிவில் ஒருத்தன், நடுவில் ஒரு பாட்டு, எல்லாம் தாண்டி டியூட்டி டாக்டர் லைனுக்கு வர ஒன்பது நிமிஷம் ஆனது. இளம் பெண் குரல். அதுவும் களைத்த குரல்தான்.

“டாக்டர், பொட்டாசியம் எட்டரைன்னு ஒரு பேஷன்ட் வந்திருப்பாரு. நான் லேப்லேருந்து பேசறேன். அந்த ரிசல்ட் தப்பு. மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்க.”

“எப்படித் தப்பு?”

“மெஷின்ல ஏதோ கோளாறு.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை. மெஷினுக்கு மானம் போகாது, சம்பளம் குறையாது, அதற்கு அண்ணனும் கிடையாது.

“உங்க லேப்ல இப்பத்தான் பேசினேன். காலையில மெஷினைச் செக் பண்ணியிருக்காங்க. ரெண்டு தடவை ஓட்டியிருக்காங்க. கோளாறு இல்லைன்னாங்க.”

“ஈ.சி.ஜி. எப்படி இருக்கு டாக்டர்?”

“நார்மலாத்தான் இருக்கு. ஆனா சில பேருக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும் நார்மலா காட்டும். மறுபடி ரத்தம் எடுத்து ரிசல்ட் வர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அவரை வெச்சுக்கிட்டு நான் வேடிக்கை பாக்க முடியாது. ஊசி ரெடியா இருக்கு. மெஷின் மேல சந்தேகம்னு யாரோ போன்ல சொன்னதுக்காக நிறுத்த முடியாதுங்க.”

டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. அவள் இடத்தில் இவள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். படியில் மேலே ஏறிப் போன ஒரு பெண்மணி, கொஞ்சம் தள்ளி உட்காரம்மா என்றாள். தள்ளி உட்கார்ந்தாள்.

“டாக்டர், மெஷின் இல்ல. நான்தான். ஊதா மூடி ட்யூப்லேருந்து சிவப்பு மூடி ட்யூப்ல ஊத்தினேன். ரத்தம் பத்தல. ஊத்தினேன்.”

“நீங்களே ஊத்தினீங்களா? உங்க கையாலயே?”

“ஆமா.”

“எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறீங்க?”

“பத்தொன்பது.”

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு தள்ளி வைத்துப் பேசும் குரல்: “சிஸ்டர், அதைப் போடாதீங்க. புதுசா ரத்தம் எடுங்க. மானிட்டர் மட்டும் இருக்கட்டும்.” மறுபடி பக்கத்தில்: “கால்சியமும் அஞ்சுன்னு இருக்கு. நானும் அதைப் பாத்து யோசிச்சிருக்கணும். நீங்க பேஷன்டுக்கு என்ன வேணும்?”

“தங்கச்சி.”

அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அவசரப் பிரிவுக் கட்டிலில் மார்பு பூராவும் ஒயருடன் படுத்திருந்தார். தெரியாத நர்ஸ் ஒருத்தி தெரியாத ஊசியால் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் அப்போதுதான் வந்திருந்தது. நாலு புள்ளி ஒன்று. டியூட்டி டாக்டர் அதை அண்ணியிடம் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, நாளைக்கு ஆபரேஷன் செய்யலாம், இன்றைக்கே வார்டில் சேர்ந்துவிடுங்கள் என்றாள். “லேப்ல ஒரு சின்னக் குழப்பம்” என்று மட்டும் சொல்லி, பாப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்ற பார்வை அது. அதில் கோபம் இல்லை.

அண்ணன் ஒயர்களைப் பிய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“மெஷின் கோளாறுதானே பாப்பா? இந்தக் காலத்து மெஷினை எல்லாம் எவன் நம்புவான். நீ எடுத்த ரத்தத்துல என்ன தப்பு வரப் போவுது.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அண்ணன் திருப்தியாக வார்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார், நாளைக்கு ஆபரேஷன் முடியும், குடல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இதற்குத்தானே மூன்று மாதம் அரித்தாள்? உண்மையைச் சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்றாவது தடவையும் போனால் நாலாவது தடவை கிடையாது. அவளால் நிற்கவே முடியவில்லை. யோசிக்கவும் முடியவில்லை. பொய்யை ஒன்று சொன்னால் அதைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் நடக்க வேண்டும். அதற்கான தெம்பு உடம்பில் எங்கேயும் மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை.

“மெஷின் இல்லண்ணே. நான்தான் தப்புப் பண்ணினேன்.” எப்படி ஊற்றினாள், ஏன் ஊற்றினாள், என்ன ஊசி போட இருந்தார்கள், போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் கொஞ்ச நேரம் தன் முழங்கையில் ஒட்டியிருந்த இரண்டு பஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவள் வைத்தது ஒன்று, நர்ஸ் வைத்தது ஒன்று.

“உங்கிட்டயே இப்படின்னா, நாளைக்கு யாரோ ஒருத்தன் கத்தியோட வருவான். அவங்கிட்ட எதை நம்பிம்மா படுக்கறது?”

 அவனும் இன்று இரவு எத்தனை மணிக்குப் படுப்பானோ, யாருக்குத் தெரியும். “எனக்குத் தெரியலண்ணே” என்றாள்.

அண்ணன் சட்டையை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார், மறு கையை நுழைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“நீ தூங்கி எத்தனை நாளாச்சு?”

“தூங்கறேன். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம்.”

அவர் தலையை ஆட்டினார். அண்ணி பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ரிட்டையர் ஆகறதுக்கு நாலு வருஷம் முன்னாடி பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவத்துல உரசினேனே, ஞாபகம் இருக்கா? நாய் குறுக்க வந்துச்சு, அதைக் காப்பாத்த ஒடிச்சேன்னு சொன்னேன். பேப்பர்ல எல்லாம் போட்டான்.”

“ஞாபகம் இருக்குண்ணே.”

“நாயே இல்ல பாப்பா. தூங்கிட்டேன். பின்னாடி நாப்பத்திரண்டு பேரு.”

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த நாயைப் பற்றி எத்தனை தடவை பேசியிருப்பார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

“இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல” என்றார் அண்ணன். “நீ அரை நாளுக்குள்ள சொல்லிட்ட.” சட்டையைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தார். “வார்டு எந்தப் பக்கம்னு கேளு. இவளுக்கும் அங்க ஒரு நாற்காலி போடச் சொல்லு. நின்னுக்கிட்டே விழுந்துடுவா போல.”